சீனாவின் அம்மா

"ஏனுங்ம்மா, ஒரு எடம் மொதல்ல பாத்தவங்களுதுங்களா, பக்கத்துல இருக்கறவங்களுதுங்களா?"

என் மகள் யாழினி இதைக் கேட்டபோது நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன். கேள்வியில் எண்ணிக்கை தவறிவிட்டது. அன்று பருப்பு குழைந்து போனது. பதில் மட்டும் இன்றுவரை வேகவில்லை.

"எந்த எடம் கண்ணு?"

"கடலுக்குள்ள இருக்கற பாறைங்க. தண்ணி ஏறுனா முங்கிப் போயிருமாமா. ஆருமே குடியில்லை. ஆனா எங்களுதாமா."

"எங்களுதுன்னா?"

"நான் சீனாங்ம்மா."

ஐந்தாம் வகுப்பில் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை நடத்துகிறார்களாம். சீட்டுப் போட்டு ஆளுக்கொரு நாடு கொடுத்திருக்கிறார்கள். விவாதப் பொருள் தென்சீனக் கடல். எங்கள் வீட்டுக்குச் சீனா விழுந்துவிட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில் பேன் தொல்லை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வேப்பெண்ணெய் முதல் மொட்டை வரை யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பேன் போய்விட்டது. சீனா வந்துவிட்டது.

ஒரே ஒரு தோழி

யாழினியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி வேனில் யாராவது ஜன்னலோர இடத்தைக் கேட்டால் எழுந்து கொடுத்துவிடுவாள். கேட்காவிட்டாலும் பார்த்தால் போதும், கொடுத்துவிடுவாள். சறுக்கு மரத்தில் அவள் முறை வரும்போது மணி அடித்துவிடும். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சொன்னார்: "ரொம்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கறா மேடம்." அது பாராட்டா புகாரா என்று வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன். வந்த பிறகும் யோசித்தேன்.

வகுப்பில் அவள் வாயைத் திறப்பதில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் ஜெனி இருக்கிறாள். யாழினியிடம் கேள்வி கேட்டால் ஜெனி பதில் சொல்வாள். யாழினிக்குத் தண்ணீர் தாகம் எடுத்தால் ஜெனி கை தூக்குவாள். ஜெனி குடும்பத்துக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடலோரம். அவள் அம்மா ஸ்டெல்லா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.

என் மகளுக்கு இருப்பது இந்த ஒரே தோழிதான். அந்த ஜெனிக்குச் சீட்டில் விழுந்த நாடு பிலிப்பைன்ஸ். அதாவது சீனா உரிமை கொண்டாடும் அதே பாறைகளைத் தன்னுடையது என்று சொல்லும் நாடு.

இதைவிட மோசமாக ஒரு சீட்டு விழுந்திருக்க முடியாது. யாழினி பேசாவிட்டால் ஊர் முன்னால் அவமானம். பேசினால் இருக்கிற ஒரு தோழியும் போய்விடுவாள். அந்த வாரம் முழுக்க நான் சாப்பிட உட்கார்ந்தால் இந்த இரண்டும் மாறி மாறி எதிரே வந்து உட்கார்ந்தன.

ஸ்கிப் ஸ்டிச்

என் கணவர் மங்கலம் ரோட்டில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். நூலைக் கொடுத்தால் துணியாகப் பின்னிக் கொடுப்பது வேலை. நான் படித்தது வேதியியல். செய்வது, அந்த யூனிட்டின் ஃபோனை எடுத்து "இன்னைக்கு வந்துருமுங்க" என்று சொல்வது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்ம எல்லையிலயே வந்து உக்காந்திருக்கறவிய. அவியளுக்கு நம்ம புள்ளை வக்காலத்து வாங்கறதா? அம்மிணி, டீச்சர்கிட்டச் சொல்லி மாத்தச் சொல்லு. ஜப்பான், கொரியா ஏதாச்சும் குடுக்கச் சொல்லு."

"ஏனுங்க, நம்ம யூனிட்டுல ஓடுதே பெரிய மெசினு, அது எந்த ஊருதுங்க?"

டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

இந்த வல்லரசுச் சண்டை, பனியன் ஏற்றுமதி செய்து பிழைக்கும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. அமெரிக்கா சீனாமேல் வரியை ஏற்றியபோது எங்கள் பேக்கரியில் யாரோ எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்கள். இனி ஆர்டர் எல்லாம் நமக்குத்தான் என்று பேச்சு. பிறகு ஒரு நாள் அமெரிக்கா நம்மேலும் வரி போட்டது. அன்று பேக்கரியில் யாரும் யாருக்கும் எதுவும் வாங்கித் தரவில்லை. இரண்டு யானைகள் முட்டிக்கொள்கின்றன, யார் பக்கம் என்று தெரியாமலே நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

யாழினி வரைபடத்தை விரித்தாள். சீனக் கடற்கரையிலிருந்து தொங்கவிட்ட நாக்கு மாதிரி, கடல் முழுவதையும் சுற்றி, விட்டு விட்டுப் போகிற ஒரு கோடு.

"இதென்ன கோடு சாமி?" என்றார் அவர்.

"அதுக்குள்ள இருக்கறதெல்லாம் எங்களுதுங்ப்பா."

குனிந்து, துணியைச் சோதிப்பது போல விரலால் தடவிப் பார்த்தார். "உட்டு உட்டு வருது. ஸ்கிப் ஸ்டிச்சு. இது நம்மூர்ச் செக்கிங்ல பாஸ் ஆகாது."

தையல் ஓடும்போது நடுநடுவே விழாமல் போனால் அதற்கு இங்கே ஸ்கிப் ஸ்டிச் என்று பெயர். அந்தப் பனியனைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள்.

நான் பழைய செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். சீனா அது தன் முன்னோர் காலத்திலிருந்தே தன் கடல் என்கிறது. பிலிப்பைன்ஸ் எங்கள் வாசலில் இருக்கிறதே என்கிறது. சர்வதேசத் தீர்ப்பாயம் ஒன்று சீனாவின் கோட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. சீனா அந்தத் தீர்ப்பையே ஏற்கவில்லை. பாறைகள் மேல் மண்ணைக் கொட்டித் தீவாக்கி விமான ஓடுதளம் போட்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் துருப்பிடித்த பழைய கப்பல் ஒன்றை ஒரு திட்டில் வேண்டுமென்றே தரைதட்ட வைத்து, அதில் ஆட்களைக் குடிவைத்திருக்கிறார்கள். அமெரிக்கா நடுநடுவே போர்க்கப்பலை அந்த வழியாக ஓட்டிக் காட்டுகிறது.

"சீனாக்காரங்க பிலிப்பைன்ஸ் கப்பல் மேல தண்ணி அடிக்கறாங்களாமாங்ப்பா" என்றாள் யாழினி.

"அங்கயுமா?" என்றார் அவர்.

லியு சொன்ன பதில்

சீனர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். முன்பு அந்த மெஷினைப் பொருத்தச் சீனாவிலிருந்து லியு என்று ஒருவர் வந்திருந்தார். மெலிந்த மனிதர், எப்போதும் சிரித்த முகம். கையில் மொழிபெயர்க்கும் ஃபோன். எங்கள் சாம்பாரை மோந்து பார்த்துவிட்டு வெறும் தயிர்சாதத்திலேயே காலத்தை ஓட்டினார்.

அவரிடம் என் கணவர், உதிரி ஊசிப் பெட்டி ஒன்று சும்மா தர முடியுமா என்று கேட்டார். லியு ஃபோனிடம் ஏதோ சொன்னார். ஃபோன் ஒரு பெண் குரலில் சொன்னது: "நாங்கள் இதை ஆராய்கிறோம்."

இவர் தினமும் காலையில் போய் ஆராய்ச்சி முடிந்ததா என்று விசாரித்தார். லியு தினமும் சிரித்தார். மெஷின் ஓடத் தொடங்கி அவர் விமானம் ஏறிய பிறகுதான் இவருக்கு உறைத்தது.

"அம்மிணி, அது இல்லைங்கறதாட்ட இருக்குது. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மாட்டாம, ஆராயறேன்னிருக்கறான். அச்சு அசல் நம்மாளு!"

அதன் பிறகு லியு மேல் அவருக்கு ஒரு மரியாதை.

மிரட்டல் வகுப்பு

யாழினிக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். சீன வெளியுறவுத் துறை பேசுகிற கெத்தில் எழுதினேன். சொல்லிப் பார்க்கச் சொன்னபோதுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பேச்சை வைத்துக்கொண்டு யாரையும் மிரட்ட முடியாது.

நான் எழுதியது: "எங்கள் கடல் எல்லையை விட்டு உடனே வெளியேற வேண்டும்."

அவள் சொன்னது: "எங்க கடலை உட்டுக் கொஞ்சம் அக்கட்டப் போயிருங்க."

"'கொஞ்சம்' வேண்டாம் கண்ணு. முறைச்சுச் சொல்லோணும்."

"அக்கட்டப் போயிருங்க... தப்பா நெனைச்சுக்காதீங்க."

அடுத்த வரி: "பின்விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல."

அவள் கண்ணை மூடி யோசித்து, "அப்பறம் ஏதாச்சும் ஆச்சுன்னா மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

நான் மேஜையைத் தட்டிக் காட்டினேன். அவளும் தட்டினாள். தட்டிவிட்டு மேஜையைத் தடவிக் கொடுத்தாள்.

எனக்கே குழப்பமாக இருந்தது. விளையாட வந்த பிள்ளைக்குப் பொம்மையைக் கொடு, நீ பெரியவள் விட்டுக்கொடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். இப்போது, தண்ணீர் ஏறினால் மூழ்கிப்போகிற ஒரு பாறையை விட்டுக்கொடுக்காதே என்று மேஜையைத் தட்டுகிறேன். இதில் எது நல்ல வளர்ப்பு?

"ஜெனி கோவிச்சுக்குவாளுங்களாம்மா?" என்று கேட்டாள்.

"இது நாடகமாட்டக் கண்ணு. ஜெனிக்குத் தெரியும்" என்றேன். ஜெனிக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

பாத்துக்கலாமுங்க

நிகழ்ச்சி அன்று பெற்றோர் உடையில் குத்திக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார்கள். எனக்கு வந்ததில் 'சீனா – அம்மா' என்று இருந்தது. என் கணவர் தன் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஸ்டெல்லாவின் அட்டை 'பிலிப்பைன்ஸ் – அம்மா.' அவர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்த மக்ரூனை ஒரு பொட்டலத்தில் நீட்டினார்.

"சாப்பிடுங்கக்கா. நீங்க ஏன் இப்படி வெளிறிப் போயிருக்கீங்க? பிள்ளைகதான பேசப் போவுது."

நடுவராகச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். சின்ன வகுப்பு என்பதால் தமிழிலும் பேசலாம் என்று சலுகை. முதலில் அமெரிக்கா பேசியது. கவின் என்று ஒரு பையன், கோட்டு சூட்டு. "எங்க கப்பல் எங்க வேணாலும் போகும், ஆரும் கேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அடுத்தது ஜெனி. மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"அது எங்க வீட்டுக்கு முன்னாடி இருக்க கடல். அங்க மீன் புடிச்சாத்தான் எங்களுக்குச் சோறு. இவங்க எங்கேயோ இருந்துக்கிட்டு ஒரு கோட்டப் போட்டு எங்களுதுன்னு சொல்லுதாங்க. அந்தக் கோட்டக் கொஞ்சம் பாருங்க!" திரையில் இருந்த வரைபடத்தைக் காட்டினாள். "ஃபுல்லா ஸ்கிப் ஸ்டிச்சு! எங்கம்மா இதப் பாஸ் பண்ணவே மாட்டாவ. ரிஜெக்ட்!"

அரங்கமே சிரித்தது. ஸ்டெல்லா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என் கணவர் தன் சொத்தை யாரோ பட்டா போட்டுவிட்டது போலப் பார்த்தார்.

யாழினி எழுந்தாள். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. நான் எழுதிக்கொடுத்ததில் இதற்குப் பதில் இல்லை. ஸ்கிப் ஸ்டிச் பற்றிச் சீன வெளியுறவுத் துறை எதுவும் சொன்னதில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்காக ஜெனி பேசுவாள். ஜெனியோ எதிரே இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், யாருக்காக என்று தெரியவில்லை.

"அது பிசகு இல்லீங்க," என்றாள் யாழினி. "நாங்க வேணும்னே உட்ட எடைவெளிங்க. நீங்க வந்து போறக்கு."

கைதட்டல் கிளம்பியது. என் கண்ணில் தண்ணீர்.

ஜெனி விடவில்லை. "அப்போ நாங்க அது வழியா வந்து மீன் புடிக்கலாமா?"

யாழினி தலையைச் சாய்த்து, மிகுந்த பணிவோடு சொன்னாள்: "பாத்துக்கலாமுங்க."

அரங்கத்தில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீதிப் பேர் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நடுவர் மேடம் முகம் மலர்ந்து எதையோ குறித்துக்கொண்டார்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஜாதகம் வந்து பையன் பிடிக்கவில்லை என்றால் நாங்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், பாத்துக்கலாமுங்க என்போம். வர முடியாத விசேஷத்துக்கு அழைத்தாலும் அதுதான். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் காத்திருக்க மாட்டார்கள். தெற்கே அதற்கு அர்த்தம் வேறாம். கவலையை விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருளாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. சென்னைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

முடிவில் தீர்மானத்தை வாசித்தார்கள். "பிலிப்பைன்ஸ் மீனவர்கள் மீன் பிடிக்கச் சீனா இசைந்தது." சிறந்த சமாதானத் தூதர் பரிசு சீனாவுக்கு. உலகம் இத்தனை காலம் செய்ய முடியாததை எங்கள் பள்ளிக்கூடம் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டது.

யாழினி மேடைக்குப் போனாள். கோப்பையை வாங்காமல் மைக்கைப் பார்த்தாள்.

"மேடம், நான் சரின்னு சொல்லலீங்க. பாத்துக்கலாமுன்னுதானுங்க சொன்னேன்."

"அப்படின்னா சரின்னுதான அர்த்தம்!" கீழேயிருந்து ஜெனி.

"இல்லீங்க. மாட்டேன்னு அர்த்தமுங்க."

"அப்போ மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான? எல்லார் முன்னாடியும் ஏன் ஏமாத்துன?"

என் மகள் முதல்முறையாக ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பெருமை பொங்கியது. திரும்பி வரும்போது, பெற்றோரையும் ஏற்றிக்கொண்ட பள்ளி வேனில் ஜெனி வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பெருமை அவிநாசி ரோடு சிக்னலிலேயே இறங்கிவிட்டது.

மூன்றாவது ஆள்

அதன் பிறகு டிஃபன் டப்பா பாதி அப்படியே வந்தது. ஜெனிக்கென்று நான் சேர்த்து வைக்கும் பாதி அது.

மன்னிப்புக் கேள் என்று சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் மறுபடி பழைய யாழினி ஆகிவிடுவாளே என்று விழுங்கினேன். சொல்லாவிட்டால் ஜெனி போய்விடுவாளே என்று மறுபடி வாய்வரை வந்தது. கடைசியில் சனிக்கிழமை ஜெனியோடு வீட்டுக்கு வரும்படி ஸ்டெல்லாவை அழைத்தேன். "வாரோம்க்கா" என்றார். சொன்னபடி வந்தார்கள்.

பிள்ளைகள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளறைக்குள் போனார்கள். நான் தேங்காய் பன் தட்டோடு பின்னால் போனேன். யாழினி வாசலில் மறித்தாள்.

"நீங்க வரக்கூடாதுங்ம்மா. இது ரெண்டு நாட்டுச் சமாச்சாரம். மூணாவது ஆளுக்கு எடமில்லீங்க."

நான் எழுதிக்கொடுத்த பேச்சின் கடைசி வரி அது. சீனா உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறது: தகராறு உள்ள அண்டை நாட்டோடு தனித்தனியாகத்தான் பேசுவோம், வெளியாள் தலையிடக் கூடாது என்று. அவள் பிழையில்லாமல் மனப்பாடம் செய்திருந்தது அந்த ஒன்றைத்தான் போலிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் ஸ்டெல்லாவும் சோபாவில் உட்கார்ந்து, ஒட்டுக்கேட்கவில்லை என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம்.

"நீ கடலப் பாத்திருக்கியா?" ஜெனியின் குரல்.

யாழினி தலையை ஆட்டியிருப்பாள் போல.

"ஒரு தடவ கூடவா?"

"எங்கம்மா பயந்துக்குவாங்க."

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். உண்மைதான். இரண்டு முறை கிளம்பியிருக்கிறோம். இரண்டு முறையும் வானிலைச் செய்தி பார்த்து நானே நிறுத்தி, ஊட்டிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன்.

"கடலையே பாக்காமயா மொத்தக் கடலும் என்னுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்த!"

பிறகு சிரிப்பு. முதலில் ஒன்று, அப்புறம் இரண்டும். கட்டிலில் விழுந்து புரளுகிற சத்தம். நான் மூச்சு விட்டேன்.

வெளியே வந்து முடிவை அறிவித்தார்கள். அரையாண்டு விடுமுறைக்கு ஜெனி தன் மாமா வீட்டுக்குப் போகிறாள். யாழினியும் போகிறாள். மாமாவின் படகைத் தொட்டுப் பார்க்கிறாள். பாறை யாருடையது என்பதைக் கடலைப் பார்த்த பிறகு பேசிக்கொள்வார்களாம்.

"நல்ல முடிவுதானக்கா," என்றார் ஸ்டெல்லா. "எங்க அண்ணன் வீடுதான். நானும் கூடப் போறேன். அனுப்புங்க."

படகு, அலை, நீந்தத் தெரியாத பிள்ளை. மூன்றும் ஒரே நேரத்தில் என் தலைக்குள் முட்டின. வாய் மட்டும் தன் பழக்கத்தில் சிரித்துக்கொண்டே சொன்னது: "பாத்துக்கலாமுங்க."

"ரொம்ப சந்தோசம்க்கா!" ஸ்டெல்லா அங்கேயே ஃபோனை எடுத்தார். "எண்ணே, பாப்பாவும் வருது. அவுக அம்மா சரின்னுட்டாவ!"

மேடையில் கேட்ட அர்த்தம் ஸ்டெல்லாவுக்கு மறந்துவிட்டதோ, மறந்த மாதிரி இருந்தாரோ, அதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் என்னைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் உண்டு. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்து ஜெனியிடம் கொடுத்து, இன்னொன்றைத் தன் வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

கடலோரத்து அம்மாக்களுக்கு

என் கணவரிடம் சொன்னதற்கு, "போயிட்டு வரட்டும் அம்மிணி, சீனாவே ஒத்துக்கிச்சு" என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கடலோரத்தில் பிள்ளை வளர்க்கிற அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். முதல்முறை அலைக்கு முன்னால் நிற்கப் போகிற பத்து வயதுப் பெண்ணிடம் என்ன சொல்லி அனுப்புவீர்கள்? நான் எல்லாவற்றுக்கும் 'தள்ளி நில்லு கண்ணு' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். வேறு வார்த்தை இருந்தால் சொல்லுங்கள், நானும் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.

கொஞ்சம் சீக்கிரமாக எழுதினால் நல்லது. அவள் இப்போதே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். உள்ளே இருப்பதெல்லாம் அவளாக எடுத்து வைத்தது. ஸ்வெட்டர் மட்டும், ஊட்டிக்கு வைத்துப் பழகிய கையால், நான் வைத்தது. அதை எடுத்துவிடலாமா?